நீலியோடு கொடிமலைக்கு

பிறையைத் தாண்டிப் பாலத்தில் ஏறும்போது பிற்பகல் மூன்று மணி இருக்கும். காரின் பின் இருக்கையில், மீன் பிடிக்கப் போகிறவர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு நீல ஐஸ் பெட்டி. அதற்குள் ஐஸும் இல்லை, மீனும் இல்லை. ஈரத்துணி சுற்றிய ஒரு பிளாஸ்டிக் டப்பா மட்டும் இருந்தது. டப்பாவின் பக்கங்களில் ஊசியைக் காய்ச்சிக் குத்திய துளைகள். அதற்குள், விரித்த என் உள்ளங்கையைவிடப் பெரிய ஒரு சிலந்தி.

சுங்கைப்பட்டாணியில் புறப்படும்போது மனைவி வாசல்வரை வந்தாள். "வரும்போது டப்பாவைக்கூட வீட்டுக்குக் கொண்டு வராதீங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது பிரசவத்துக்கு மகள் வருகிறாள். கூடவே மூன்று வயதுப் பேரன். எந்த மூடியையும் திறந்து பார்க்கிற வயது. பதினெட்டு நாள்தான் இருந்தது. "பாலூட்டுற வீட்டுல விஷப்பூச்சி எதுக்கு?" என்ற கேள்விக்கு, ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியரான என்னிடம் பதில் இல்லை.

கோயில் கமிட்டி நண்பர்தான் வழி சொன்னார். "காட்டுல இருந்து வந்ததுதானே வாத்தியாரே. காட்டுலயே விட்டுடுங்க. புண்ணியமாப் போகும். கொடிமலையைவிட நல்ல காடு எங்க இருக்கு?" கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. கொடிமலையில் என் பழைய மாணவன் ஒருவன் இருக்கிறான். பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டுகிறான். அவனுக்குத் தொலைபேசியில், "மலைச் சிலந்திகளைப் பார்க்கணும்பா" என்று மட்டும் சொன்னேன். டப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை. மகனிடமும் சொல்லவில்லை. அதுதான் உறுத்தியது.

சிலந்தி மகனுடையது. நான்கு ஆண்டுகளுக்கு முன் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு சிறு போத்தலில் வாங்கி வந்தான். எங்கே பிடித்தது, யார் வளர்த்தது என்று விற்றவர் எதுவும் சொல்லவில்லையாம். அது வளர வளரக் கால்களில் ஊதா கலந்த நீலம் ஏறியது. வெளிச்சம் பட்டால் மயில்கழுத்து நிறம். முதுகில் பொன் கலந்த பழுப்பு. வளர்ப்பவர்கள் இந்த இனத்தை 'சிங்கப்பூர் புளூ' என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், சிங்கப்பூரில் டரான்டுலாவைச் செல்லப்பிராணியாக வளர்க்கவே அனுமதி இல்லை. அங்கும் இங்கும் உள்ள காடுகளில் மரப்பொந்துகளில் வாழும் நம் மண்ணின் உயிர் அது. மகன் பெயர் எதுவும் வைக்கவில்லை. 'நீலி' என்று முதலில் அழைத்தது மனைவிதான். பழைய கதைகளில் வரும் பேய் நீலியை நினைத்துத் திட்டுவதற்காக வைத்த பெயர். அதுவே நிலைத்துவிட்டது.

மகனுக்குப் பெர்த்தில் வேலை கிடைத்தது. இத்தகைய உயிர்களை ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள். புறப்படும் இரவில் என்னை அறைக்குள் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தான். நீலியைப் பார்த்துக்கொள்ளும் முறை. என் வாழ்நாளில் எத்தனையோ பாடக்குறிப்பு எழுதியிருக்கிறேன். மகன் எனக்கு எழுதித் தந்த முதல் பாடக்குறிப்பு அது.

உயரமான கண்ணாடிப் பெட்டி. அடியில் நான்கு விரல் உயரத்துக்குத் தேங்காய் நார்த்தூள். ஒரு மூலை எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் சேறாகக் கூடாது. நிமிர்த்தி வைத்த கார்க் மரப்பட்டை. அதன் பின்னால் அவள் பின்னிய வெள்ளைக் குழாய் வீடு. ஒரு சிறு தண்ணீர்த் தட்டு. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறத் துளைகள். குளிர்நாட்டுக்காரர்கள் இதற்குச் சூடேற்றும் கருவி வைக்கிறார்களாம். நமக்கு அந்தச் செலவு இல்லை. வெயில் நேராகப் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். பறவைக் கடையில் விற்கும் செங்கெரிக் பூச்சி பத்து நாளுக்கு இரண்டு. தின்னாவிட்டால் மறுநாளே எடுத்துவிட வேண்டும். தாளின் கடைசியில் சிவப்பு மையில்: 'கையில் எடுக்கவே கூடாது. கண்ணாடியைத் தட்டக் கூடாது.'

இரண்டாவது விதியை நான் மீறினேன்.

அது தீபாவளி வாரம். வீட்டுக்கு வந்த நண்பர்களுக்கு நீலியைக் காட்ட ஆசை. பட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்தவள் வெளியே வரவில்லை. கதவைத் தட்டுவதுபோல் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினேன். சட்டென்று வெளியே வந்து, முன்னங்கால்களைத் தூக்கி, பின்னுக்குச் சாய்ந்து, கறுத்த விஷப்பற்களைக் காட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். சூட்டோடு சூடாக, இரை தின்பதையும் காட்டலாம் என்று மூடியைத் திறந்து, நீண்ட இடுக்கியில் ஒரு செங்கெரிக்கை இறக்கினேன். அடுத்து நடந்ததை நான் பார்த்தேன் என்று சொன்னால் பொய். இடுக்கி, முழங்கை, தோள், அதற்குப் பிறகு சுவர். என் தோளை ஏதோ பஞ்சு உரசியதுபோல் இருந்தது, அவ்வளவுதான். நண்பர்களில் ஒருவர் சோபாவின் மேல் ஏறி நின்றார். இன்னொருவர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

நாற்பது நிமிடம் தேடினோம். கடைசியில் மனைவிதான் கண்டுபிடித்தாள், மளிகைக்கடைக் காலண்டருக்குப் பின்னால். எட்டுக் கால்களையும் உடம்போடு ஒடுக்கிக்கொண்டு, பாதி அளவுக்குச் சுருங்கி இருந்தாள். டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகிப் பிடித்தேன். என் கை நடுங்கியது. டப்பாவுக்குள் அவள் கால்களும் நடுங்கியதாகத் தோன்றியது. அது உண்மையோ, என் கை நடுக்கமோ தெரியாது.

அன்றிரவு மகனிடம் சொன்னபோது அவன் கோபப்படவில்லை. "அவளுக்குக் கண்ணு எட்டு இருந்தாலும் சரியாத் தெரியாதுப்பா. உடம்பு மயிரிலயும் கால்லயும் வர்ற அதிர்வுதான் அவளுக்கு எல்லாம். நீங்க தட்டினது அவளுக்கு இடி விழுந்த மாதிரி" என்றான். அமெரிக்கக் கண்டத்து டரான்டுலாக்களில் பல, ஆபத்து வந்தால் வயிற்றிலுள்ள அரிப்பு மயிரைக் காலால் தேய்த்து எதிரியின் மேல் பறக்கவிடும். நம் பக்கத்துச் சிலந்திகளுக்கு அந்த ஆயுதம் இல்லை. இவற்றுக்கு உள்ளது இரண்டுதான். முதலில் ஓட்டம், ஓட இடமில்லாவிட்டால் கடி. கடித்தால் ஆளைக் கொல்லாது என்றாலும் கடும் வலியும் வீக்கமும் வரும். சிலருக்குத் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் நீடிக்கும். ஆக நான் கோபம் என்று நினைத்துக் கைதட்டலுக்கு விட்டது, ஓட வழி தெரியாத பயம். முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். மேசையைத் தட்டினால் முறைக்கிற பையன்கள் எத்தனை பேரைத் திமிர் பிடித்தவர்கள் என்று வெளியே நிறுத்தியிருக்கிறேன் என்று அன்றிரவு யோசித்துக்கொண்டிருந்தேன். சரி, அது வேறு கதை.

அதன்பிறகு மூடியைத் திறக்க ஒரு முறை வைத்துக்கொண்டேன். அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியாமல் திறப்பதில்லை. அவள் குழாய்க்குள் அடங்கிக் கிடக்கும் பகல் நேரத்தில், கண்ணாடிப் பெட்டியையே ஒரு பெரிய துணி துவைக்கும் வாளிக்குள் வைத்து, பக்கத்தில் பிடிக்கும் டப்பாவும் அட்டையும் தயாராக இருந்தால்தான் திறப்பேன். தண்ணீரைக்கூட மூடித் துளை வழியாக நீண்ட குழலால் தட்டில் விட்டேன். பெட்டியை அறையின் அமைதியான மூலைக்கு மாற்றினேன். ஆள் நடக்கும் வழியில் இருந்தால் ஒவ்வொரு காலடியும் அவளுக்குச் செய்தி. மூன்று மாதத்தில் நான் அறைக்குள் வந்தால் அவள் ஓடுவதை நிறுத்தினாள். என்னை அடையாளம் தெரிந்துகொண்டாள் என்று பெருமைப்பட்டேன். "அதெல்லாம் இல்லப்பா. பயமுறுத்துற அதிர்வு வரல, அவ்வளவுதான்" என்று மகன் என் பெருமையை அறுத்தான்.

பெர்த்திலிருந்து வரும் அழைப்பில் முதல் கேள்வி எப்போதும் "நீலி எப்படிப்பா?" என்பதுதான். அம்மா எப்படி என்பது இரண்டாவது. மனைவிக்கு இதில் வருத்தம். எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி. வீட்டில் இருந்த காலத்தில் நானும் அவனும் ஒரு நாளில் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். நீலி வந்தபிறகு அரைமணி நேரம் பேசுகிறோம், ஒரு சிலந்தியின் வயிறு பருத்திருக்கிறதா, இளைத்திருக்கிறதா என்று.

ஒரு நாள் நள்ளிரவு அவனை எழுப்பினேன். நீலி இறந்துவிட்டாள். பெட்டியின் தரையில் வலையை விரிப்பு மாதிரி பின்னி, அதன்மேல் மல்லாந்து கிடந்தாள். கால்கள் மேலே. அவன் பேச்சில் பதற்றமே இல்லை. "மல்லாந்து கிடக்கிறாளா, இல்லை கால்களை அடியில மடக்கிக் குப்புறக் கிடக்கிறாளா?" மல்லாந்துதான் என்றேன். "அப்படின்னா சாகல. தோல் உரிக்கப் போறா. எதையும் தொடாதீங்க. தண்ணிகூடத் தெளிக்காதீங்க. லைட்டை அணைச்சுட்டு உட்கார்ந்து பாருங்க."

சிலந்தியின் கால் நீள்வது உடம்பின் நீர் அழுத்தத்தால். உயிர் போனால் அழுத்தம் போகும், கால்கள் உள்ளே மடங்கிவிடும். சாகிற சிலந்தி பெரும்பாலும் குப்புறத்தான் சுருண்டு கிடக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். முதுகு ஓடு மூடிபோல் விலகியது. பழைய கால்களுக்குள்ளிருந்து புதிய கால்கள், கையுறையிலிருந்து விரலை உருவுவதுபோல், மெல்ல மெல்ல வந்தன. விடிகாலையில் பெட்டிக்குள் இரண்டு நீலிகள். ஒன்று வெறும் தோல். மற்றது ஈரமாக, புது நீலமாக, விஷப்பற்கள் பால்பல் மாதிரி வெள்ளையாக. அந்தப் பற்கள் கறுத்து இறுகும்வரை இரை போடக் கூடாது. அந்த நேரத்தில் ஒரு செங்கெரிக்கூட அவளைக் கடித்துக் குதறிவிடும். காப்பி கொண்டுவந்த மனைவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பிள்ளை பெத்து எழுந்தவ மாதிரி இருக்கா" என்றாள். பிறகு, அப்படிச் சொன்னது தப்பு என்பதுபோல் உள்ளே போய்விட்டாள்.

இப்படிப்பட்டவளைத்தான் பின் இருக்கையில் வைத்துக்கொண்டு ஆயர் ஈத்தாமுக்குப் போனேன்.

அடிவார நிலையத்தில் பள்ளி விடுமுறைக் கூட்டம். ஐஸ் பெட்டியைக் காரில் விட்டு, டப்பாவைத் துணிப்பைக்குள் வைத்து மார்போடு அணைத்துக்கொண்டேன். பையில் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்தாலும் வியர்க்கிறது. ஒருவரும் பார்க்காத தப்பும் தப்புதான்.

மலை ரயில் இப்போது சில நிமிடங்களில் உச்சிக்குக் கொண்டுபோய்விடுகிறது. நான் மாணவர்களை அழைத்துவந்த காலத்தில் நடுவழி நிலையத்தில் இறங்கி வேறு பெட்டிக்கு மாற வேண்டும். அரைமணி நேரம் ஆகும். மரப் பெஞ்சு, திறந்த சன்னல், கையை நீட்டினால் பெரணி. அந்தப் பழைய பெட்டிகளை 2010இல் நிறுத்திவிட்டார்கள். முதல் ரயில் 1923இல் ஓடியது. அதற்கு முன் பல ஆண்டுகள் பாடுபட்டுப் போட்ட வேறொரு ரயில் மேலே ஏறவே இல்லை என்பதும் இந்த மலையின் கதை. அதற்கும் முந்திய காலத்தில் துரைமார்களைக் குதிரையும் ஆளும் தூக்கிச் சென்றார்கள். கொடிமரம் நட்டதால் கொடிமலை. மலாயிலும் அதே பொருளில் புக்கிட் பெண்டேரா. 800 மீட்டருக்கு மேல் உயரம். கதவு திறந்ததும் முகத்தில் அறைந்த குளிருக்கு, டப்பாவைச் சட்டைக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

அருளொளி திருமுருகன் கோயிலில் விளக்கு போட்டிருந்தார்கள். பக்கத்திலேயே பள்ளிவாசல். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது மாணவன் காத்திருந்தான். ஆறாம் வகுப்பில் கணக்கு வராத பையன். இப்போது இடுப்பில் தொலைநோக்கி, தலையில் விளக்கு. "சார், இன்னும் அதே நடை" என்றான். இருட்டிய பிறகு ஜீப் சாலையில் இறங்கினோம். கீழே தாவரவியல் பூங்காவரை போகிற, ஐந்து கிலோமீட்டர் செங்குத்துப் பாதை. நாங்கள் போனது கொஞ்ச தூரம்தான்.

சாலையை வெட்டிய மண்சுவர் ஒரு பக்கமாக ஓடுகிறது. பாசியும் பெரணியும் படிந்த ஈரச்சுவர். பகலில் நூறு தடவை கடந்தாலும் ஒன்றும் தெரியாது. அவன் டார்ச் லைட்டில் சிவப்புத்தாள் ஒட்டியிருந்தான். அதன் ஒளியை மண்ணில் சாய்த்துப் பிடித்து, "இங்க பாருங்க சார்" என்றான். வெள்ளி நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய ஒரு பாசித்துண்டு. அதன் விளிம்பிலிருந்து ஆறேழு நூலிழைகள் மண்ணின்மேல் கதிர்போல் விரிந்திருந்தன. பாசித்துண்டு, உண்மையில் ஒரு கதவு. உள்ளே கதவுச்சிலந்தி. எந்தப் பூச்சி நூலைத் தொட்டாலும் உள்ளே மணி அடித்தமாதிரி. இதன் வயிற்றின்மேல் இன்னும் ஓட்டுத் தகடுகள் வரிசையாக இருக்கின்றன. மற்றச் சிலந்திகள் அவற்றை இழந்து எத்தனையோ யுகங்கள் ஆகின்றன. உயிரோடிருக்கும் மிகப் பழைய சிலந்திக் குடும்பம் இது. 1849இல் ஸ்கியோட் என்ற டென்மார்க் நாட்டு அறிஞர் உலகுக்கு முதன்முதலில் விவரித்த கதவுச்சிலந்தி பினாங்கிலிருந்து போனதுதான்.

இதன் உறவு ஒன்று பத்துமலையிலும் இருக்கிறது. படியேறும்போது வழியில் வரும் இருட்டுக் குகையில் வாழ்வது. காவடி தூக்கிப் போன நாள்களில் எனக்கு அது தெரியாது. அதை 1923இல் விவரித்தவர் ஆபிரகாம் என்ற ஆய்வாளர். மறு ஆண்டு அவரே இன்னொரு சிலந்தியை விவரித்தார். ஊதாக் கால் என்று பொருள்படும் பெயரையும் சூட்டினார். அது என் துணிப்பைக்குள் இருந்த நீலியின் இனம்.

இன்னும் சற்று இறங்கியதும் மாணவன் கையை நீட்டி என்னை நிறுத்தினான். மண்சுவரில் கதவில்லாத ஒரு துளை. வாய் ஓரத்தில் பட்டுத்துணி மடித்ததுபோல் வலை. துளையின் விளிம்பில் நான்கு கால் நுனிகள் வெளியே தெரிந்தன. கறும்பழுப்பு. "இது நம்ம மலை டரான்டுலா சார். 1885ல சிமோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் பேர் வெச்சது. மண்ணுல சுரங்கம் தோண்டுற ஜாதி." நான் இன்னும் அருகில் பார்க்க ஓர் அடி எடுத்து வைத்தேன். மெதுவாகத்தான் வைத்தேன். கால் நுனிகள் மறைந்துவிட்டன. ஓடியதைக் காணவில்லை. இருந்தது, இல்லை. தீபாவளியன்று என் தோளைத் தாண்டிப் போனதும் இதே வேகம்தான்.

"பத்து நிமிஷம் அசையாம நின்னா திரும்ப வரும்" என்றான். நின்றோம். காட்டின் சத்தம் காதுக்குள் ஏறியது. கீழே ஜார்ஜ்டவுன் விளக்குகள், கடலுக்கு அப்பால் பட்டர்வொர்த். முதலில் ஒரு கால் நுனி வந்தது. பிறகு இரண்டு. அந்த நிமிடத்தில்தான் பையைத் திறந்து, "தம்பி, நான் ஒண்ணு கொண்டு வந்திருக்கேன்" என்றேன்.

டப்பாவைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது. மாணவன் முகம் போய் அதிகாரி முகம் வந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன்: பிரசவம், பேரன், புண்ணியம். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"சார், இது மண்சுவர் மலை. உங்க சிலந்தி மரத்துல வாழுற ஜாதி. அதுகூடப் பெரிசில்ல. இது எந்தக் காட்டுலேர்ந்து வந்ததுன்னு உங்களுக்கும் தெரியாது, விற்றவனுக்கும் தெரியாது. நாலு வருஷமா கடைப்பூச்சி தின்னு வளர்ந்தது. அது உடம்புல என்ன பேன், என்ன புழு இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அதை இங்க இறக்கினா, இப்ப நாம பார்த்தோமே, அதுக்கு ஒட்டிக்கும். உங்க சிலந்திக்கும் நல்லதில்ல. பொந்து இல்ல, வீடு இல்ல. விடியுறதுக்குள்ள எதுவாவது தின்னுடும்." கொஞ்சம் நிறுத்தி, "2021ல யுனெஸ்கோ இந்த மலையை உயிர்க்கோளக் காப்பகம்னு அறிவிச்சிருக்கு. வெளியேர்ந்து எதையும் கொண்டு வந்து விட இங்க இடம் கிடையாது சார். நான் பார்க்காதமாதிரி இருக்க முடியாது" என்றான்.

கணக்கு வராத பையன் என்று எழுதினேன் அல்லவா. அன்று எனக்குத்தான் கணக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. கூடவே நெஞ்சில் இருந்த ஒரு கல் இறங்கியதையும் சொல்லத்தான் வேண்டும். "அப்ப நான் என்னப்பா செய்யுறது?" என்றேன். வளர்க்கத் தெரிந்தவர்களிடம் கொஞ்ச காலத்துக்குக் கொடுத்து வைக்கச் சொன்னான். முதலில் மகனுக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னான். எடுப்பதற்கு முன், டப்பாவைக் குளிர்க்காற்றில் வைக்காதீர்கள் என்று தன் கழுத்துத் துண்டை எடுத்துச் சுற்றிக் கொடுத்தான்.

கோயில் படியில் உட்கார்ந்து பெர்த்துக்குப் பேசினேன். எங்கே இருக்கிறேன், எதற்கு வந்தேன் என்று முழுதும் சொன்னேன். மறுமுனையில் வெகுநேரம் சத்தமே இல்லை. "சொல்லியிருக்கலாமேப்பா" என்றான் கடைசியில். அவ்வளவுதான். அதைவிடத் திட்டியிருக்கலாம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஈப்போவில் தன் நண்பன் இருக்கிறான், ஆறு மாதத்துக்கு அவன் வைத்துக்கொள்வான், கேட்டுச் சொல்கிறேன் என்றான். "டப்பாவில எவ்வளவு நேரமா இருக்கா?" என்று கேட்டான். ஆறு மணி நேரம் என்றேன். "பயந்திருப்பா. வீட்டுக்குப் போனதும் பெட்டிக்குள்ள விட்டுட்டு லைட்டை அணைச்சிடுங்க. ரெண்டு நாள் எதுவும் போடாதீங்க."

இரவு பதினொன்றுக்கு வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். மனைவி விழித்திருந்தாள். ஐஸ் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "விட மனசு வரலையா?" என்றாள். விட விடவில்லை என்றேன். சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை எதுவும் பேசவில்லை. முடித்தபின், "பேரன் வர்றதுக்குள்ள ஈப்போக்காரப் பையன் வரணும். வரலைன்னா நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்" என்றாள்.

ஈப்போ நண்பர் அடுத்த ஞாயிறு வருவதாக இருந்தது. ஆனால் மலையிலிருந்து வந்த நான்காம் நாள் நீலி இரையைத் தொடவில்லை. வயிறு கறுத்துப் பளபளத்தது. ஐந்தாம் நாள் காலையில் பார்த்தால், குழாய் வீட்டின் வாயை வலையால் கெட்டியாக மூடிவிட்டிருந்தாள். படம் எடுத்து அனுப்பினேன். மகனும் நண்பரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: தோல் உரிக்கப் போகிறாள், பெட்டியை அசைக்கவே கூடாது, உரித்துப் பற்கள் கறுக்கும்வரை பயணம் கூடாது.

இதை எழுதும் இன்று மகள் வர இன்னும் ஏழு நாள் இருக்கிறது. மகனின் அறைக்குப் புதுப்பூட்டு போட்டாயிற்று. சாவி மனைவியின் இடுப்பில். தினமும் காலையில் அவள்தான் கதவைத் திறந்துவிடுகிறாள். நான் தண்ணீரை மாற்றிவிட்டு வெளியே வரும்போது, சமையலறையிலிருந்து கேட்கிறாள்.

"கதவைத் திறந்துட்டாளா?"

"இன்னும் இல்லை."